இறுக்காத மூன்று போல்ட்டுகள்

தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பெரிய காது என்பதற்காக வைத்ததல்ல, சராசரிக் காதுதான். எந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இல்லாத நாட்களில், ஓட்டுகிறவருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று முடிவாகிவிடும். வீட்டுக்காரி ஒருத்திக்குத்தான் அந்தக் காதின்மேல் அவ்வளவாக மரியாதை கிடையாது. "வண்டி முனகினா கேக்கும். பக்கத்துல நின்னு மனுஷன் கத்தினா கேக்காது" என்பாள்.

பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவன் மச்சினன், அந்த வீட்டுக்காரியின் தம்பி. முப்பதைத் தாண்டியவன். அதிகம் பேச மாட்டான். காதை வைத்தெல்லாம் அவனுக்குச் சொல்ல வராது. கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான். இதில் காதுக்காரருக்கு உள்ளூர ஒரு இளக்காரம். கழற்றிப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே என்று நினைப்பார்.

இரண்டு பேரும் ஒரே வண்டியில் மாறி மாறிக் கை வைப்பதால் பட்டறையில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு போல்ட்டை முழுக்க இறுக்கி முடித்த ஆள் அதன் தலையில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். மச்சினனுக்கு வெள்ளை, எழுத்துப் பிழையை அழிக்கிற மை. காதுக்காரருக்குச் சிவப்பு, வீட்டுக்காரியின் நகப்பூச்சு. "என் நகத்துல இருந்ததைவிட ஊரு வண்டிங்கள்லதான் அது அதிகமா இருக்கு" என்று அவள் அலுத்துக்கொண்டு புதுப் புட்டி வாங்குவாள். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, மறுபடி தொட வேண்டியதில்லை. பட்டறைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். அதைப் போட்டவரும் காதுக்காரர்தான்.

அன்றைக்குக் காலையில் ரொட்டிக்கடைக்காரம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் மாணவர் விடுதிக்கும் விடிந்ததும் ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள். பின்சீட்டில் கட்டியிருந்த பெட்டிகள் நனைந்து, உள்ளே இருந்த ரொட்டியெல்லாம் ஊறிப்போயிருந்தது. மேட்டுச் சாலையில் வண்டி நின்றுபோய், திரும்பக் கிளம்பாமல், அங்கிருந்து ஒற்றை ஆளாகத் தள்ளி வந்திருக்கிறாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அண்ணே, போன வாரம் நீங்க ரிப்பேர் பண்ணிக் குடுத்த அதே ஸ்டார்ட்டர்தான். பட்டனை அமுக்கினா சத்தம் மட்டும் வருது. இன்ஜின் அசையவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில இன்னிக்கு எல்லாரும் பச்சத் தண்ணியைக் குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க."

கடைவாசலில் ஏற்கெனவே ரெண்டு பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்துக் கடை டெய்லரும் தைக்கிறதை விட்டுவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு அடுத்தவர் வண்டி பழுதாவதைப் பார்ப்பதில் ஒரு பிரியம் உண்டு.

காதுக்காரர் முறைப்படிதான் ஆரம்பித்தார். சாவியைத் திருப்பினார், விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஹாரனை அடித்தார், டெய்லர் திடுக்கிட்டார். பேட்டரியில் குறை இல்லை. பட்டனை அழுத்தினார். சீட்டுக்கு அடியில் ரிலே டிக்கென்றது, மோட்டார் ஙொய்யென்று சுற்றியது, இன்ஜின் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கரண்டு போகிறது, மோட்டார் ஓடுகிறது, இன்ஜினைப் பிடித்துச் சுற்றத்தான் ஆள் இல்லை. ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் காதை வைத்தார். மறுபடி அழுத்தச் சொன்னார். உள்ளே எதுவோ கலகலவென்று உருண்டது.

"ஒன்வே கிளட்ச்" என்றார் நிமிர்ந்து.

மோட்டாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற பிடி அது. பட்டனை அழுத்தும்போது இன்ஜினைப் பிடித்துச் சுற்றும். இன்ஜின் தானாக ஓட ஆரம்பித்ததும் விட்டுவிடும். மேக்னெட் என்கிற கனமான சக்கரத்தின் முதுகில் மூன்று போல்ட்டுகளால் அது பூட்டியிருக்கும். போன வாரம் புதிதாக மாற்றியதும் அதைத்தான்.

"புதுசு போட்டீங்களேண்ணே" என்றாள் ரொட்டிக்கடைக்காரம்மா.

"பொருள் புதுசுதான் தங்கச்சி. போல்ட்டை இறுக்காம விட்டா, பொருள் என்ன பண்ணும்?"

இதைச் சொன்னபோது அவர் பார்வை மச்சினன் பக்கம் போனது. எல்லாருடைய பார்வையும் அதன் பின்னாலேயே போனது. மச்சினன் ஒரு வண்டியின் சக்கரத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தான்.

"நீதானே மாட்டின?"

மச்சினன் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரொட்டிக்கடைக்காரம்மாவைப் பார்த்தான், வாசலில் நின்றவர்களைப் பார்த்தான், பிறகு வாயை மூடிக்கொண்டான்.

அதோடு காதுக்காரர் விட்டிருக்கலாம். ஆனால் சுற்றிலும் ஆள் நிற்கும்போது அவருக்குப் பேச்சு தானாக வளரும். "மூணு போல்ட்டு. மூணே மூணு. அதைக்கூட இறுக்கத் துப்பில்லாதவன் எதுக்குய்யா ஸ்பேனரைத் தொடறே? ஒரு பொம்பள மேட்டுல தனியா வண்டியைத் தள்ளிட்டு வந்திருக்கா. உன் அக்கா மூஞ்சிக்காகத்தான் உன்னை வச்சிருக்கேன். இல்லேன்னா எப்பவோ அனுப்பியிருப்பேன்."

மச்சினன் சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவைத்தான். கையைத் துணியில் துடைத்தான், ஒவ்வொரு விரலாக. ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தூறலில் இறங்கிப் போய்விட்டான்.

"ரோஷம் மட்டும் குறைச்சல் இல்ல" என்றார் காதுக்காரர். டெய்லர் சிரித்தார். வாசலில் நின்றவர்களில் ஒருவர், தன் வண்டியை இனிமேல் காதுக்காரரே பார்க்க வேண்டும், மச்சான் கை படவே கூடாது என்று கேட்டுக்கொண்டார். மதியத்துக்குள் இன்னொருவரும் அதையே சொன்னார். ரொட்டிக்கடைக்காரம்மா ஆஸ்பத்திரி, விடுதி என்று நாலு இடம் போகிறவள். அவள் வாயில் விழுந்தது சாயங்காலத்துக்குள் ஊர் சுற்றிவிடும். பத்து வருஷமாக வண்டிகளைக் கழற்றிப் பார்த்துப் பார்த்து மச்சினன் சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது.

ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு எப்போதும் அக்கா வீட்டில்தான்; அன்று அவன் வரவில்லை. வீட்டுக்காரி தட்டை நங்கென்று வைத்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தனியாக உட்கார்ந்து வண்டியைத் திறந்தார் காதுக்காரர். ஆயிலை வடித்தார். இடது பக்கத்துக் கவரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு போல்ட்டின் தலை, கழுத்தோடு முறிந்து, தட்டில் விழுந்தது. சொன்னது சரியாகிவிட்டது என்று அவருக்கு ஒரு திருப்தி. புல்லர் என்கிற இழுவைக் கருவியை வைத்து மேக்னெட்டை இழுத்துத் திருப்பிப் பார்த்தார். மற்ற இரண்டு போல்ட்டுகளும் விரலால் திருகினாலே சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்து கிடந்தன.

மூன்று தலைகளிலும் சிவப்புப் பொட்டு இருந்தது.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. மச்சினன்தான் அவருடைய நகப்பூச்சை எடுத்து வைத்திருக்கிறான் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். மனசு அப்படித்தான் ஓடும், வேறு யார் தலையிலாவது ஏற்றிவிட முடியுமா என்றுதான் முதலில் பார்க்கும். பிறகு அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. வந்ததும், வராமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

மச்சினன்தான் புது கிளட்ச்சைப் பொருத்தினான். மூன்று போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, "மாமா, போல்ட்டுக்குப் போடற பசை தீந்துபோச்சு. வாங்கிட்டு வந்து இறுக்கறேன். அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். அந்தப் பசை இல்லாவிட்டால் இன்ஜின் அதிர்வில் போல்ட்டு கழன்றுவிடும். காதுக்காரர் அப்போது வேறொரு வண்டியின் பிரேக் போல்ட்டுகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். புட்டி திறந்திருந்தது, கையில் குச்சி இருந்தது. எப்படியும் இறுக்கத்தானே போகிறோம் என்று இந்த மூன்றுக்கும் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ரொட்டிக்கடைக்காரம்மா வந்து நின்றாள். "உங்க காது இருக்கே அண்ணே, அது காது இல்ல, எக்ஸ்ரே" என்றாள். கொஞ்ச நேரம் அந்தப் புகழ்ச்சியில் நின்றார். திரும்பி வந்து பார்த்தபோது மூன்று போல்ட்டிலும் சிவப்பு இருந்தது. சிவப்பு இருந்தால் இறுக்கியாயிற்று. மேக்னெட்டை மாட்டினார், கவரை மூடினார், வண்டியைக் கொடுத்து அனுப்பினார்.

மச்சினன் பசையோடு திரும்பி வந்து, "இறுக்கிட்டீங்களா மாமா?" என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. "நீ எனக்குச் சொல்லித் தரியா?" என்று தான் பதில் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவன் வாங்கி வந்த பசைக் குழாய், மூக்குக்கூட வெட்டாமல், அலமாரியில் அப்படியே கிடந்தது.

காதுக்காரருக்கு உடம்பு கூசியது. கடையில் யாரும் இல்லை, ஆனாலும் யாரோ பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி முகம் சுட்டது. துப்பில்லாதவன் என்று தான் சொன்ன சொல் அதே குரலில், அதே ராகத்தில் காதுக்குள் கேட்டது.

அப்போது வெளியே டெய்லரின் செருப்புச் சத்தம் வந்தது. கை தானாக வேலை செய்தது. பக்கத்தில் இருந்த துணியைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் முக்கி, மூன்று தலைகளையும் அழுத்தித் துடைத்தார். அவர் செய்த வேலைகளிலேயே அவ்வளவு வேகமாகவும் சுத்தமாகவும் செய்த வேலை வேறு இருக்காது.

"என்னய்யா, மச்சான் என்ன லட்சணத்துல வச்சிருக்கான்?" டெய்லர் குனிந்து பார்த்தார்.

"போல்ட்டு இறுக்கவே இல்ல."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

டெய்லர் ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "பொட்டே காணோமேய்யா. வேலையும் செய்யல, செஞ்ச மாதிரி காட்டக்கூடத் தெரியல." தலையில் அடித்துக்கொண்டு போனார். வெள்ளைப் பொட்டு இல்லையென்றால் முடிக்காததை முடித்ததாக மச்சினன் காட்டவில்லை என்றுதான் அர்த்தம்; அவனை நேர்மையான ஆள் என்று சொல்ல ஒரு வழி அதில் இருந்தது. காதுக்காரர் அதையும் விட்டுவிட்டார்.

புது போல்ட்டுகளை எடுத்தார். மச்சினன் வாங்கி வைத்த பசையின் மூக்கைத் தானே வெட்டி, மரையில் தடவி, கை நோகிற அளவுக்கு இறுக்கினார். கவரை மூடி, புது ஆயில் ஊற்றி, பட்டனை அழுத்தினார். மோட்டார் பிடித்தது, இன்ஜின் உடனே எழுந்தது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

மதியம் மச்சினனைத் தேடிப் போனார். சலவைக் கடைக்கு மேலே ஒரு அறையில் அவன் தங்கியிருந்தான். படி ஏறும்போது என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டார். அந்த ஒத்திகையில் அவர் பெரிய மனிதராகவே வந்தார்; அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

மச்சினன் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். நாற்காலி ஒன்றுதான் இருந்தது; அதைக் காலி செய்து கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் காதுக்காரர். "தப்பு யாருக்கும் வரும். நான் மனசுல வச்சுக்கல. நீயும் வச்சுக்காத. கிளம்பி வா."

மச்சினன் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினான். "கவரைத் திறந்தீங்களா மாமா?"

"திறந்தேன்."

"மூணும் போச்சா?"

"ஒண்ணு முறிஞ்சிருந்துச்சு. ரெண்டு தளர்ந்திருந்துச்சு."

"ம்" என்றான் அவன். கீழே சலவைக் கடையில் மெஷின் உருண்டுகொண்டிருந்தது. "நான் கோவத்துல போயிட்டேன்னு நெனச்சீங்களா?"

"பின்ன?"

"கோவம் இருந்துச்சு. ஆனா அதுக்காகப் போகல. நான் அங்கயே நின்னிருந்தா, நீங்க என் கண்ணு முன்னால அதைத் திறக்கணும். அந்தம்மா வேற நிக்கறாங்க, டெய்லர் நிக்கறாரு. திறந்ததும் உங்களுக்கு எப்படியிருக்கும்? அதான், தனியா திறந்து பாக்கட்டும்னு வந்துட்டேன்."

காதுக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். தான் மன்னித்துவிட்டதாகச் சொன்ன சொற்கள் இன்னும் அந்த அறையிலேயே நின்றன. அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருந்தால், எழுந்து போய் எடுத்திருப்பார்.

"அக்காகிட்ட எதுவும் சொல்ல வேணாம் மாமா" என்றான் மச்சினன், மறுபடி ஊசியை எடுத்தபடி. "நானே சரியா இறுக்கலன்னு சொல்லிக்கறேன். அவ ரெண்டு நாள் திட்டுவா, அப்புறம் மறந்துடுவா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் காதுக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறது என்று தெரிந்த அடுத்த கணமே, இதுவரைக்கும் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை, இதுதான் வெட்கம் என்று தோன்றியது. தலை குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொடச்சிட்டேன்டா" என்று மட்டும் சொன்னார். மச்சினன் எதைத் துடைத்தீர்கள் என்று கேட்கவில்லை.

இருவரும் பட்டறைக்குத் திரும்பியபோது ரொட்டிக்கடைக்காரம்மா வண்டிக்காக வந்து காத்திருந்தாள். டெய்லரும் துணைக்கு நின்றார். மச்சினன் வண்டியை வெளியே உருட்டி, ஸ்டார்ட் செய்து காட்டி, சாவியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"இனிமேலாவது பாத்துச் செய்யி தம்பி. எல்லாரும் உன் மாமா மாதிரி பொறுத்துப் போக மாட்டாங்க."

"சரிக்கா" என்றான் மச்சினன்.

அந்தச் சரிக்காவைக் காதுக்காரரால் தாங்க முடியவில்லை. "அவன் செய்யல தங்கச்சி" என்றார். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "நான்தான். அவன் பசை வாங்கப் போயிருந்தப்ப, இறுக்காமலே நான்தான் மூடினேன். நேத்து அவனைப் பேசினதெல்லாம் என்னைப் பேசியிருக்க வேண்டியது."

ரொட்டிக்கடைக்காரம்மா அவரையே பார்த்தாள். முகம் மெல்ல இளகியது. "அதானே பாத்தேன். என்ன இருந்தாலும் வீட்டு ஆளு. நாலு பேரு முன்னால விட்டுக்குடுக்க மனசு வராதுல்ல."

"இல்ல தங்கச்சி, நிஜமாவே. என் பொட்டுதான் இருந்துச்சு. சிவப்பு."

"நான்தான் பாத்தேனேய்யா" என்றார் டெய்லர். "ஒரு பொட்டும் இல்ல. மொழுமொழுன்னு இருந்துச்சு."

"நீங்க வர்றதுக்குள்ள நான் தொடச்சிட்டேன்."

டெய்லர் வாய்விட்டுச் சிரித்தார். "தொடச்சாராம். பாத்தியாம்மா, மச்சானைக் காப்பாத்த என்னென்ன கதை கட்டுறாருன்னு." பிறகு மச்சினனிடம் திரும்பினார். "நீயே சொல்லுப்பா. உன் மாமா சொல்றது நிஜமா?"

மச்சினன் காதுக்காரரைப் பார்த்தான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

இதைவிட நிஜமாக அவன் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் அது சோறு போட்ட கடனுக்குத் தலையாட்டுகிறவன் பேச்சு மாதிரிதான் அவர்கள் காதில் விழுந்தது. "கேட்டுக்க தம்பி, இப்படி ஒரு பெரிய மனசு யாருக்கும் வராது. கால்ல விழுந்து கும்பிடணும்" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கடைக்காரம்மா பட்டனை அழுத்தினாள். வண்டி ஒரே தடவையில் கிளம்பியது. இந்தக் கதையும் சாயங்காலத்துக்குள் ஊர் சுற்றப்போகிறது. காதுக்காரர் பின்னாலேயே ரெண்டு எட்டு வைத்து, "தங்கச்சி" என்று கூப்பிட்டார். வண்டிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கைகூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்றார். வீட்டுக்காரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவளும் நம்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எல்லாவற்றையும் கடகடவென்று கொட்டினார். பொட்டு வைத்தது, மூடியது, திட்டியது, துடைத்தது, மன்னிக்கப் போனது, அங்கே நிம்மதிப்பட்டதுகூட. சொல்லி முடித்துவிட்டு, "சத்தியமா நான்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"தெரியும்" என்றாள் அவள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவன் சொன்னானா?"

"அவன் என்னைக்கு உங்களைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கான்?"

"பின்ன எப்படித் தெரியும்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை, விலாசம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அவன் செஞ்சிருந்தா, அந்த இடத்துலயே நான்தான்னு சொல்லியிருப்பான்."

வெளியே கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவன்தான், சாப்பிட வந்திருக்கிறான். காதுக்காரர் பக்கத்தில்தான் நின்றார், ஆனால் போய்த் திறக்கக் கால் வரவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் போய்த் திறந்தாள்.